கடைசி மூன்று அவுட்: பிராங்க்ஸிலிருந்து புவெர்ட்டோ கைமிட்டோ வரை

முதல் நாள், பிராங்க்ஸ்

மன்ஹாட்டனில் ஏறிய 4ஆம் எண் ரயில் வழி முழுக்கப் பூமிக்கடியிலேயே ஓடியது. 149ஆவது தெருவைத் தாண்டியதும் சட்டென்று மேலேறி வெயிலுக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல, யாங்கி ஸ்டேடியம். "மாமா, இறங்குங்க, இதான்" என்றான் அக்கா மகன். நியூ ஜெர்சியிலேயே பிறந்து வளர்ந்தவன். எனக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுத்த வாத்தியாரும் அவன்தான்.

ரயில் பாலத்தின் அடியில் ஓடும் தெருவின் பெயர் ரிவர் அவென்யூ. தொப்பிக் கடை, பனியன் கடை, பீர் கடை என்று இரும்புத் தூண்களின் நிழலிலேயே வியாபாரம் நடக்கிறது. ஸ்டேடியத்தை ஒட்டிய பகுதிக்கு 2014இல் ஒரே ஒரு எழுத்தைக் கூட்டி ரிவேரா அவென்யூ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த ஸ்டேடியத்தின் சொந்த அணியான யாங்கீஸுக்குப் பந்து வீசிய அந்த மரியானோ ரிவேராவைத் தேடித்தான் இந்த ஆறு நாள் பயணம். அவர் 2013இலேயே ஓய்வு பெற்றுவிட்டார், ஆளைப் பார்க்கப்போவதில்லை. அவர் போன வழியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஓர் ஆட்டத்தில் 9 இன்னிங்ஸ். ஓர் அணிக்கு இன்னிங்ஸுக்கு 3 அவுட். முதலில் பந்து வீச வருபவர் ஐந்தாறு இன்னிங்ஸ் வீசிக் களைத்துப் போவார். அப்புறம் வருகிறவர்கள் எல்லாம் ரிலீவர்கள். அவர்களில் கடைசி இன்னிங்ஸுக்கென்றே வைத்திருக்கும் ஆள் குளோசர். தன் அணி மூன்று ரன்னோ அதற்குக் குறைவாகவோ முன்னிலையில் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸை வீச வந்து, வெற்றியை நழுவவிடாமல் முடித்தால் அவர் கணக்கில் ஒரு 'சேவ்'. நம் ஊர்க்காரர்கள் உடனே கடைசி ஓவர் பந்துவீச்சாளர் மாதிரியா என்று கேட்பார்கள். முக்கால்வாசி சரி. ஆனால் கிரிக்கெட்டில் அவர் காலையிலிருந்தே மைதானத்தில்தான் நிற்கிறார். இங்கே ரிலீவர் வேலிக்கு அப்பால் புல்பென் என்கிற அடைப்புக்குள் உட்கார்ந்திருப்பார். இன்று வேலை உண்டா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது.

மருமகன் மட்டையாளருக்குப் பின்னால் டிக்கெட் எடுக்கலாம் என்றான். நான் பிடிவாதமாக வலது பக்க வேலியோரம், புல்பென் தெரிகிற இடம்தான் வேண்டும் என்றேன். நான்கு இன்னிங்ஸ் வரை அங்கே நடந்தது என்னவென்றால், ஒன்றும் இல்லை. ஆறேழு பேர் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவதில் சுவரில் இருக்கும் போன் அடித்தது. ஓர் ஆள் எழுந்து ஜாக்கெட்டைக் கழற்றினார், தோளைச் சுழற்றினார், மெதுவாக நாலு பந்து, அப்புறம் வேகமாகப் பத்துப் பந்து. கையுறையில் பந்து விழும் சத்தம் பட்டாசு மாதிரி கேட்டது. மறுபடி போன். அவர் மறுபடி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஏழாவதில் இதே கூத்து இன்னொரு முறை. வீசியது முப்பது நாற்பது பந்தாவது இருக்கும், ஒன்றும் எந்தக் கணக்கிலும் ஏறாது.

ஆட்டம் ஒருதலைப்பட்சமாகப் போய்விட்டதால் குளோசர் வரவே இல்லை. இவ்வளவு தூரம் வந்து ஒரு சேவ் கூடப் பார்க்கவில்லையே என்று அலுத்துக்கொண்டேன். "அவருக்கும் அப்படித்தான் மாமா, பாதி நாள்" என்றான்.

இரண்டாம் நாள், மீண்டும் பிராங்க்ஸ்

இன்றும் டிக்கெட் எடுத்தோம், மானுமென்ட் பார்க்கைப் பார்ப்பதற்காக. ஆட்டம் தொடங்க 45 நிமிடம் இருக்கும்போது மூடிவிடுவார்கள் என்பதால் கதவு திறந்ததுமே ஓடினோம். மைதானத்தின் நடுப்பகுதி வேலிக்குப் பின்னால், கோயில் பிராகாரம் போல ஒரு சந்து. அந்தக் கால ஜாம்பவான் பேப் ரூத்திலிருந்து வரிசையாக வெண்கலப் பலகைகள்.

42ஆம் எண்ணுக்கு அங்கே இரண்டு சொந்தக்காரர்கள். கறுப்பினத்தவரைச் சேர்க்காமல் இருந்த மேஜர் லீக்கில், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீக்கில், 1947இல் முதல் ஆளாக நுழைந்த ஜாக்கி ராபின்சனின் எண் அது. 1997இல், அந்த எண்ணை இனி எந்த அணியிலும் யாருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்தார்கள். ஏற்கெனவே அணிந்திருந்தவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சலுகை. அவர்களில் கடைசியாக அதைக் கழற்றியவர் ரிவேரா.

நான் அந்தப் பலகை முன்னால் நின்று யோசித்தது வேறு. இந்த மனிதர் ரிலீவராக ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. பேஸ்பாலில் யாருமே அப்படி வருவதில்லை. முதல் இன்னிங்ஸை வீச முடியாதவர்களைத்தான் புல்பென்னுக்கு அனுப்புவார்கள். 1995 மே 23 அன்று, 25 வயதில், ரிவேரா முதன்முதலாக மேஜர் லீக்கில் இறங்கியதும் முதல் பந்துவீச்சாளராகத்தான். தோல்வி. கொஞ்ச நாளில் கீழ்நிலை அணிக்கே திருப்பி அனுப்பினார்கள். அங்கே இருந்தபோது, காரணம் என்னவென்று யாருக்கும் சரியாக விளங்காமல், அவர் பந்தின் வேகம் மணிக்கு 90 மைலிலிருந்து 95 மைலுக்கு ஏறியது. அவரை வேறு அணிக்கு மாற்றிவிடலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. பேச்சு நின்றது. ஜூலை 4 அன்று சிகாகோவில் எட்டு இன்னிங்ஸில் 11 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை ஒழுங்காக அடிக்கவே விடாமல் வெளியேற்றினார். அப்படியும் அந்த ஆண்டு முதல் ஆளாக வீசியது 10 ஆட்டம்தான். எல்லா ஆட்டத்தையும் சேர்த்து, 9 இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் ஏறிய ரன் சராசரி 5.51. சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அதற்குப் பிறகு முதல் இன்னிங்ஸை அவர் பார்க்கவே இல்லை.

1996இல் எட்டாவது இன்னிங்ஸுக்கான ஆள், 1997இலிருந்து குளோசர். கடைசிக் கணக்கு 652 சேவ், இதுவரை யாரும் தொடாத எண். வீசிய மொத்த இன்னிங்ஸ் 1,283. அவரோடு அதே 1995இல் ஆட வந்து, முதல் பந்துவீச்சாளராகவே நிலைத்த ஆண்டி பெட்டிட் வீசியது 3,316. ரிவேரா வந்தது 1,115 ஆட்டங்களுக்கு. வந்தால் ஓர் இன்னிங்ஸ், கால் மணி நேர வேலை.

பழைய ஸ்டேடியத்தை இடித்த இடம் தெருவுக்கு அந்தப் பக்கம் ஹெரிடேஜ் ஃபீல்ட் என்ற பொது மைதானமாகக் கிடக்கிறது. 2008 வரை அவர் வீசியது அங்கேதான். இன்று சாயங்காலம் நாங்கள் பார்த்தபோது ஒரு சின்னப் பையன் வீசிய பந்து யாரும் தொடாமல் பின்வலை வரை உருண்டு போனது. அவன் அப்பா கைதட்டினார்.

மூன்றாம் நாள், சாலையில்

நியூயார்க்கிலிருந்து கூப்பர்ஸ்டவுன் நான்கு மணி நேரம் என்றது போன். எங்களுக்கு ஆறு ஆனது. வாடகைக்கு எடுத்த கார் பாதி வழியில் சக்கரக் காற்றுக்கு எச்சரிக்கை விளக்கு போட்டது. கொடுத்தவர்களுக்கு போன் செய்தால், பாட்டு போட்டு முக்கால் மணி நேரம் காத்திருக்க வைத்தார்கள். கடைசியில் மருமகனே ஒரு பெட்ரோல் பங்கில் காற்று அடித்தான். வேறு எழுத ஒன்றும் இல்லை. மலை, மாட்டுப் பண்ணை, மழை.

நான்காம் நாள், கூப்பர்ஸ்டவுன்

இரண்டாயிரம் பேர் கூட இல்லாத ஊர். ஏரிக்கரை, ஒரே ஒரு பெரிய தெரு, தெரு முழுக்க பேஸ்பால் கடைகள். 1839இல் ஆப்னர் டபுள்டே என்பவர் இங்கேதான் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை. கதை பொய் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை நம்பி 1939இல் திறந்த ஹால் ஆஃப் ஃபேம், பேஸ்பால் மேதைகளின் புகழ் மண்டபம், நிஜம். ஸ்தல புராணம் மாதிரிதான். கோயில் நன்றாக இருந்தால் யார் புராணத்தைத் தோண்டப் போகிறார்கள்?

பலகை மண்டபத்தில் முந்நூற்றைம்பது பேர் அளவில் வெண்கலத்தில் இருக்கிறார்கள். விரல் விட்டு எண்ணினேன்: அதில் ரிலீவர் என்று சொல்லத்தக்கவர்கள் ஒன்பது பேர். முதல் ஆள் ஹாய்ட் வில்ஹெம், 1985. சேவ் என்ற கணக்கையே லீக் 1969இல்தான் ஏற்றுக்கொண்டது. சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் அதற்குச் சில வருடங்கள் முன்பு கண்டுபிடித்த கணக்கு அது. அதுவரை இந்த வேலைக்கு அளவுகோலே கிடையாது. அப்படிப்பட்ட மண்டபத்தில் யாரைச் சேர்ப்பது என்று 2019இல் ஓட்டுப் போட்ட 425 பத்திரிகையாளர்களும் ஒருவர் விடாமல் ரிவேராவுக்குப் போட்டார்கள். பேப் ரூத்துக்குக் கூட அது நடக்கவில்லை. அடுத்த ஆண்டு அவருடைய அணித் தோழர் டெரெக் ஜீட்டருக்கு 397இல் 396. அந்த ஒருவர் யார் என்று மருமகன் இன்னும் கொதிக்கிறான்.

பலகைகள் ஆண்டு வாரியாக இருப்பதால் ரிவேராவின் பக்கத்தில் அதே 2019ஆம் ஆண்டுக்காரர்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருவர் சியாட்டிலின் எட்கர் மார்டினெஸ். ரிவேராவை எதிர்த்து 19 முறையில் 11 முறை ஹிட் அடித்தவர், அதாவது பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸுக்கு ஓடிச் சேர்ந்தவர். உலகமே தடுமாறிய பந்து அவருக்கு மட்டும் பூசணிக்காய் மாதிரி தெரிந்திருக்கிறது. இன்னொருவர் பந்துவீச்சாளர் ராய் ஹாலடே. அவர் கதைக்கு வர வேண்டுமென்றால் முதலில் கட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1997 ஜூனில் ஒருநாள் ஆட்டத்துக்கு முன்னால் ரிவேரா, அணித் தோழர் ராமிரோ மெண்டோசாவோடு சும்மா பந்தைப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். நேராகப் போக வேண்டிய பந்து கடைசி நேரத்தில் விலகியது. மெண்டோசா, விளையாடாதே என்றிருக்கிறார். இவர் விளையாடவில்லை. அந்த விலகலை நிறுத்தப் பயிற்சியாளரோடு சில வாரம் போராடி, முடியாமல், சரி போகட்டும் என்று விட்டுவிட்டார். அதுதான் கட்டர். அடுத்த 16 வருடம் கிட்டத்தட்ட அந்த ஒரே பந்துதான். வருவது என்ன பந்து என்று மட்டையாளருக்கும் தெரியும், டிவி பார்க்கிறவருக்கும் தெரியும். இடது கை மட்டையாளர் என்றால் பந்து கடைசி நொடியில் உள்ளே புகுந்து மட்டையின் மெல்லிய கைப்பிடியில் பட்டு, மட்டை இரண்டாகப் பிளக்கும். 1999 உலகத் தொடரில், அதாவது லீக்கின் இறுதிப் போட்டித் தொடரில், எதிரணியின் ரயன் கிளெஸ்கோவுக்கு ஒரே முறை ஆட வந்ததில் மூன்று மட்டை உடைந்தது. 2013இல் ஊர் ஊராக அவருக்குப் பிரிவுப் பரிசு கொடுத்தார்கள். மினசோட்டா அணி கொடுத்தது உடைந்த மட்டைகளாலேயே செய்த ஓர் ஆடும் நாற்காலி.

இப்போது ஹாலடே. எல்லா அணிகளின் நட்சத்திரங்களும் கூடி ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் 2008இல் சந்தித்தபோது, கட்டரை எப்படிப் பிடிப்பது என்று, மற்ற நாளெல்லாம் எதிரணிக்காரரான இவர் கேட்க, ரிவேரா காட்டிக்கொடுத்துவிட்டார். ஹாலடே ஒரு பந்தில் விரல்கள் இருக்க வேண்டிய இடத்தைப் பேனாவால் வரைந்து பத்திரமாக வைத்துக்கொண்டார். விஷயம் தெரிந்த யாங்கீஸ் தோழர்கள் தங்களுக்குள் விளையாட்டாகப் பஞ்சாயத்து கூட்டி ரிவேராவுக்கு அபராதம் போட்டார்கள். ஹாலடே 2017இல் தன் சிறிய விமானத்தை ஓட்டிப் போனபோது விபத்தில் இறந்துவிட்டார். 2019 ஜூலை 21 அன்று மேடையில் அவர் மனைவிதான் பேசினார்.

பெரிய தெருவில் ஒரு பந்து வாங்கினேன். ஐந்து அவுன்ஸ், கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் லேசு. வெள்ளைத் தோலில் சிவப்பு நூல், 108 இரட்டைத் தையல். ஜப மாலைக் கணக்கு என்று நினைத்துக்கொண்டேன். நூல் குதிரை லாடம் போல வளையும் இடத்தின் குறுக்கே இரண்டு விரலை வைத்து, கொஞ்சம் ஓரமாகத் தள்ளி, வீசும்போது நடுவிரலால் அழுத்த வேண்டும். ஏரிக்கரையில் 60 அடி அளந்து மருமகனுக்கு இருபது பந்து வீசினேன். ஒன்று கூட விலகவில்லை. இரண்டு ஏரிக்குள் போகப் பார்த்தது. "மாமா, இது கட்டர் இல்ல, ஆஃப் ஸ்பின்" என்றான் படவா. ராத்திரி தோள்பட்டைக்குத் தைலம்.

ஐந்தாம் நாள், விமான நிலையம்

பனாமா விமானம் தாமதம். அதனால் நேற்று விட்டுப்போனதை எழுதுகிறேன்: அவர் தோற்ற இரவுகள். அருங்காட்சியகத்தில் வெற்றிதான் வெண்கலத்தில் இருக்கும். ஆனால் இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ளத் தோல்விகளைப் பார்க்க வேண்டும். முதல் பந்துவீச்சாளர் தப்பு செய்தால் சரிப்படுத்த ஏழெட்டு இன்னிங்ஸ் மிச்சம் இருக்கும். குளோசர் தப்பு செய்தால் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

2001 நவம்பர் 4, ஃபீனிக்ஸ், உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். யாங்கீஸ் 2-1 முன்னிலை. அதற்கு முந்தைய 23 பிளேஆஃப் (பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகள்) வாய்ப்பையும் சேவ் ஆக்கியவர் பந்து வீசும் மேட்டில் நிற்கிறார். ஒரு ஹிட். அடுத்து உருட்டிவிட்ட பந்தை எடுத்து இரண்டாவது பேஸுக்கு எறிகிறார், எறி தவறிப் போகிறது. பிறகு டோனி வோமாக் சமன் செய்ய, லூயிஸ் கொன்சாலெஸின் மட்டை நொறுங்கி, பந்து மெத்தென்று ஜீட்டர் தலைக்கு மேலே போய் விழுகிறது. அதே கட்டர்தான், அதே உடைந்த மட்டைதான். பத்தடி தள்ளி விழுந்திருந்தால் அவுட்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. யாங்கீஸ் ஜெயித்திருந்தால் ஊர்வலத்துக்காக என்ரிகே வில்சன் என்ற வீரர் நியூயார்க்கில் தங்கி, நவம்பர் 12 விமானத்தில் டொமினிகன் குடியரசுக்குப் போயிருப்பார். தோற்றதால் முன்கூட்டியே கிளம்பிவிட்டார். அந்த நவம்பர் 12 விமானம் குவீன்ஸ் பகுதியில் விழுந்து, உள்ளே இருந்த 260 பேரும் இறந்தார்கள். தோற்றதே நல்லது, நண்பன் இருக்கிறான் என்றாராம் ரிவேரா.

2004 இன்னும் கொடுமை. பனாமாவில் அவர் வீட்டு நீச்சல் குளத்தில் மின்சாரம் தாக்கி உறவினர்கள் இருவர், ஒருவர் சிறுவன், இறந்துபோனார்கள். இறுதிச் சடங்கை முடித்துவிட்டு அன்றைக்கே நியூயார்க்குக்குப் பறந்து, ஆட்டம் தொடங்கிய பிறகு வந்து சேர்ந்து, அன்று ராத்திரியே பாஸ்டனுக்கு எதிராக சேவ் எடுத்தார். ஐந்து நாள் கழித்து பாஸ்டனில் ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-3 முன்னிலை, இன்னும் மூன்றே அவுட். நாலு பந்தைத் தப்பாக வீசி ஒருவரை முதல் பேஸுக்குச் சும்மா நடக்க விட்டார். அவருக்குப் பதிலாக ஓட வந்த டேவ் ராபர்ட்ஸ், பந்து வீசும் நேரத்தில் ஓடி இரண்டாவது பேஸைத் திருடினார். பில் முல்லர் அடித்தார், ஆட்டம் சமன். அந்த ஆட்டமும் போய், 3-0 என்று முன்னால் இருந்த தொடரும் போனது. அடுத்த ஏப்ரலில் பாஸ்டன் மைதானத்தில் ரிவேரா பெயரை அறிவித்ததும் எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கிண்டலாகக் கைதட்டினார்கள். அவர் வாய்விட்டுச் சிரித்து, தொப்பியைக் கழற்றிக் காட்டினார். மருமகன் போனில் அதைக் காட்டினான். நான் நாலு தடவை பார்த்தேன்.

பிளேஆஃப்களில் மொத்தம் 141 இன்னிங்ஸ், சராசரி 0.70 என்ற கணக்கும் இருக்கிறது. அழைத்துவிட்டார்கள், கிளம்புகிறேன்.

ஆறாம் நாள், புவெர்ட்டோ கைமிட்டோ

பனாமா சிட்டியிலிருந்து மேற்கே போனால் கால்வாயின் மேல் பெரிய பாலம் வருகிறது. மேலிருந்து பார்த்தால் பசிபிக் கடலில் கப்பல்கள் வரிசை வரிசையாக நங்கூரம் போட்டு, உள்ளே கூப்பிடும் வரை நிற்கின்றன. டாக்ஸிக்காரர் ரிவேரா பேரைக் கேட்டதும் ரேடியோவைக் குறைத்தார்.

மீன் வாடை ஊருக்கு முன்னால் வந்துவிட்டது. துறைமுகம் என்று பெயரே தவிர, ஒரு பாலம், சாயம் போன படகுகள், உலரும் வலை, படகு மேல் உட்கார்ந்த கூழைக்கடாக்கள். ரிவேராவின் அப்பா இங்கே மீன்பிடிப் படகின் தலைவர். மகனும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அதே படகில்தான் ஏறினார். படகு ஒருமுறை மூழ்கி உயிர் பிழைத்ததும் உண்டு. பேஸ்பால் சாயங்காலத்து விளையாட்டு. பால் அட்டைப்பெட்டிதான் கையுறை, கிழிந்த வலையைச் சுருட்டி டேப் ஒட்டினால் பந்து, மரக்கிளை மட்டை. உள்ளூர் அணியில் அவர் நின்ற இடம் ஷார்ட்ஸ்டாப், இரண்டாவது மூன்றாவது பேஸுக்கு நடுவே பந்தைத் தடுக்கும் இடம். ஒருநாள் அணியின் பிட்சர், அதாவது பந்துவீச்சாளர், மோசமாக வீச, வேறு ஆள் இல்லாமல் இவர் வீசினார். பார்த்த தோழர்கள் யாங்கீஸின் ஆள்தேடுபவருக்குச் சொன்னார்கள். 1990 பிப்ரவரியில் இரண்டு மூவாயிரம் டாலர் கொடுத்து ஒப்பந்தம். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. முதல் வருடம் கீழ்மட்ட லீக்கில் 52 இன்னிங்ஸ் வீசிக் கொடுத்த ரன்னில் அவர் கணக்கில் சேர்ந்தது ஒன்றே ஒன்று. 1992இல் முழங்கையில் அறுவை சிகிச்சை. அடுத்து நடந்ததெல்லாம் மேலே எழுதிவிட்டேன்.

கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. இந்தப் பக்கம் ஏற்றவற்றம் ஐந்து மீட்டர் வரை போகும். ஈர மணல் சிமெண்ட் தரை மாதிரி இறுகிக் கிடக்க, பத்துப் பன்னிரண்டு பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். இப்போது அட்டைப்பெட்டி இல்லை, நிஜக் கையுறைகள். முதல் பேஸ் ஒரு ரப்பர் செருப்பு. மருமகன் பள்ளிக்கூட ஸ்பானிஷில் ஒவ்வொருவரிடமும் நீ என்ன ஆடுவாய் என்று கேட்டான். ஷார்ட்ஸ்டாப், ஷார்ட்ஸ்டாப், நடு மைதானம், பிட்சர், ஷார்ட்ஸ்டாப். பிட்சர் என்றவனிடம் முதல் இன்னிங்ஸா கடைசி இன்னிங்ஸா என்று கேட்கச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எல்லா இன்னிங்ஸும் என்றான்.

கூப்பர்ஸ்டவுன் பந்தை அவனிடம் கொடுத்தேன். விரலை வைக்கும் இடத்தை நான் காட்டப் போக, அவன் பொறுமையாக என் விரலை விலக்கிவிட்டுத் தன் இஷ்டத்துக்குப் பிடித்து வீசினான். அடிக்க நின்றவன் அதைத் தூக்கி அடித்தான். பந்து நீருக்குள் விழ, நாலு பேர் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் தண்ணீர் செருப்பு வரை வந்துவிட்டது. ஒருவன் முதல் பேஸை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டான். ஸ்கோர் என்ன என்று யாரும் கேட்கவில்லை.